சிட்டுக்குருவியின் டெலோமியர் நீளம் யாரிடமிருந்து வருகிறது? வன்னியில் கள ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பறவையின் ஒவ்வொரு கலத்திலும் உள்ள நிறமூர்த்தங்களின் முனைகளில் டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற ஒரே வரிசை ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த முனைப்பகுதியை டெலோமியர் என்கிறோம். முள்ளந்தண்டுள்ள விலங்குகள் எல்லாவற்றிலும், மனிதனிலும் குருவியிலும், வரிசை இதுவே. கலம் பிரியும்போதெல்லாம் இது சற்றுக் குறுகுகிறது. டெலோமரேசு என்ற நொதியம் சில கலங்களில் அதை மீண்டும் நீட்டுகிறது. இந்த அமைப்பையும் நொதியத்தையும் கண்டறிந்தமைக்காக எலிசபெத் பிளாக்பேர்ண், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகியோருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. கூண்டில் வளர்த்த வரிக்குருவிகளை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து அளந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, 25 நாள் வயதில் டெலோமியர் நீளமாக இருந்த பறவைகளே நீண்ட காலம் வாழ்ந்தன என்று காட்டியது. அப்படியானால் அந்த இளவயது நீளத்தைத் தீர்மானிப்பது எது? தாயா, தந்தையா, கூடா, கிடைத்த இரையா? இந்தக் கேள்வியைக் காட்டுப் பறவைகளில் ஆராய விரும்பும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒரு விடயத்தை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரும் குஞ்சும் ஒத்திருப்பது வேறு, அந்த ஒற்றுமை மரபால் வந்தது என்று நிறுவுவது வேறு. தாயும் குஞ்சும் ஒரே முற்றத்தில் வளர்கின்றன, ஒரே வகைப் பூச்சியை உண்கின்றன, சில வேளை ஆய்வுகூடத்தில், பல மாதிரிகளை ஒன்றாக வைத்து அளக்கும் ஒரே தட்டில் அளக்கப்படுகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றே இரண்டையும் ஒத்திருக்கச் செய்துவிடும். ஆகவே இந்த ஆய்வின் உயிர், டெலோமியரை அளக்க எடுக்கும் இரத்த மாதிரியில் இல்லை. எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் எந்தக் கூட்டில் பிறந்தது என்று எழுதி வைக்கும் கொப்பியில்தான் இருக்கிறது. கொப்பி சரியாக இருந்தால் மாதிரியைப் பின்னர் எங்கு கொண்டுசென்றும் அளக்கலாம். கொப்பி பிழைத்தால் உலகின் மிகச் சிறந்த ஆய்வுகூடமும் உதவாது.

டெலோமியர் மரபாக வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம், நிறம் போன்ற பண்புகளில் பரம்பரை அலகு மட்டுமே கடத்தப்படுகிறது. பண்பு குஞ்சின் உடலில் புதிதாக உருவாகிறது. டெலோமியரிலோ, நீளத்தைக் கட்டுப்படுத்தும் அலகுகள் வருவதுடன், தாயின் முட்டைக் கலத்திலும் தந்தையின் விந்துக் கலத்திலும் இருந்த முனைகளே நேரடியாகக் குஞ்சுக்கு வந்துவிடுகின்றன. தகப்பன் விற்றது போக எஞ்சிய காணி மட்டுமே பிள்ளைக்குச் சேர்வது போல, விந்துக் கலத்தில் அந்த வயதில் எவ்வளவு நீளம் எஞ்சியிருந்ததோ அதுவே குஞ்சின் தொடக்கம். நெதர்லாந்தில் ஜாக்டோ என்ற சிறுகாக்கைகளில் கிறிஸ்டினா பவுச்சும் சைமன் வெர்ஹுல்ஸ்டும் பிறரும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே தந்தைக்கு வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகளை ஒப்பிட்டபோது, தந்தைக்கு வயது கூடக் கூடக் குஞ்சின் டெலோமியர் குறுகியிருந்தது. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோதும், வளர்த்த தந்தையின் வயது அல்ல, பெற்ற தந்தையின் வயதே குஞ்சில் தெரிந்தது. மனிதரில் இதற்கு நேர்மாறாக, வயது கூடிய தந்தையின் பிள்ளைகளுக்கு டெலோமியர் நீண்டிருக்கிறது. ஆகவே ஓர் இனத்தில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இனத்துக்கு இனம் முடிவுகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் அறிந்திருங்கள். ஒரு கூட்டத்தில் காணப்படும் மொத்த வேறுபாட்டில் மரபால் விளக்கக்கூடிய பங்கு 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகக் கூறப்படும். சுவீடனின் பெரிய நாணல் கதிர்க்குருவியில் அது கிட்டத்தட்டப் பாதி என்றும், தாயின் தாக்கம் வலுவானது என்றும் 2015இல் அறிக்கையிட்டனர். நோர்வேத் தீவுகளின் சிட்டுக்குருவிகளில் அது 0.04 அளவே. செய்செல்ஸ் தீவின் கதிர்க்குருவியில் 0.03 முதல் 0.08 வரை. முள்ளந்தண்டுள்ள 18 இனங்களின் மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து 2022இல் வந்த பகுப்பாய்வு, சராசரியாகச் சுமார் 45 விழுக்காடு என்றதுடன், அளக்கும் முறையைப் பொறுத்தே இந்த எண் மாறுகிறது என்றும் காட்டியது. அந்த எச்சரிக்கை பின்னால் ஆய்வுகூடப் படியில் நமக்குத் தேவைப்படும்.

பறவையைத் தெரிவு செய்வது முதற்படி. வன்னியில் பறவைகளுக்குக் குறைவில்லை. இரணைமடுக் குளத்தைச் சுற்றியும் கட்டுக்கரைக் குளத்தருகிலும் நிற்பவருக்கு எதை விடுவது என்றே தோன்றும். ஆயினும் இந்தக் கேள்விக்கு எல்லாப் பறவையும் பொருந்தாது. தூக்கணாங்குருவியின் கூடுகள் கண்ணுக்குத் தெரிந்தாலும், ஓர் ஆண் பல பெண்களுடன் சேர்வதாலும் கூடுகள் நீருக்கு மேல் தொங்குவதாலும் குடும்பத்தைப் பதிவது கடினம். புலுனிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே கூட்டின் குஞ்சுகளை வளர்ப்பவை. இரை கொண்டுவரும் பறவை பெற்றோர் என்று அங்கே சொல்ல முடியாது. மைனா பனைமரப் பொந்தில் உயரத்தில் இருக்கும். புதியவருக்கு நான் பரிந்துரைப்பது சிட்டுக்குருவியையே. அது ஆளுக்கு அருகே வாழும், நாம் வைக்கும் மண்முட்டியில் கூடு கட்டும், பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள்ளேயே தங்கிவிடும், ஆணையும் பெண்ணையும் தூரத்திலிருந்தே பிரித்தறியலாம்.

இரண்டாவது அனுமதி. இலங்கையில் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் வளையமிடுவதும் இரத்தம் எடுப்பதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவன. எந்தப் பறவையானாலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி கையில் வரும்வரை ஒரு முட்டையைக்கூடத் தொடாதீர்கள். தனியாள் விண்ணப்பிப்பதைவிட, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களையோ வவுனியாப் பல்கலைக்கழகத்தையோ சேர்ந்த விரிவுரையாளர் ஒருவரின் மேற்பார்வையில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு விண்ணப்பிப்பதே வழி. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதியையும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் எடுத்த பின் கேட்கப் போனால் மாதிரிகள் பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்க நேரும். வன்னிக்கே உரிய இன்னொன்று: கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்படாத காணிக்குள், சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் எல்லைக்குள், எந்தக் கூட்டைத் தேடியும் போகக் கூடாது. குடியிருப்பு முற்றங்களையும் சந்தை, நெல் ஆலை வளவுகளையும் ஆய்விடமாகக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது படி முட்டி கட்டுவது. பக்கத்தில் குருவி நுழையும் அளவுக்குத் துளையிட்ட மண்முட்டியைத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆய்வுக்காகச் செய்ய வேண்டியது, கை நுழையக்கூடிய முட்டியின் வாயை மூடியால் அடைத்து, கட்டை அவிழ்த்துத் திறந்து பார்க்கக் கூடியதாக வைப்பதே. உச்சி வெயில் படாத பக்கத்தில், பூனை எட்டாத உயரத்தில், ஒன்றுக்கொன்று சில மீற்றர் இடைவெளியில் கட்டுங்கள். ஒவ்வொரு முட்டிக்கும் அழியாத மையில் ஓர் எண் எழுதுங்கள். அந்த எண் பின்னர் எந்தக் காரணத்தாலும் மாறக் கூடாது. முட்டி உடைந்து புதியது கட்டினால் புதிய எண் கொடுங்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, என்ன செய்யப் போகிறோம், குஞ்சை எத்தனை நிமிடம் கையில் வைத்திருப்போம் என்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருக்கும் அம்மா, அப்பம்மா போன்றோர் எந்த நாளில் குருவி வைக்கோல் கொண்டுவந்தது, எப்போது குஞ்சு கத்தத் தொடங்கியது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்திருப்பார்கள். அவர்கள் சொல்வதையும் சொன்னவரைக் குறித்துக் கொப்பியில் எழுதுங்கள்.

முட்டியை மூன்று நாளுக்கொரு முறை பார்த்தால் போதும்; பொரிக்கும் நாள் நெருங்கும்போது தினமும் பாருங்கள். சிட்டுக்குருவி ஏறக்குறைய 11 முதல் 14 நாள் அடைகாக்கும். குஞ்சு இரண்டு கிழமையளவில் பறந்துவிடும். பொரித்த நாளைப் பிழையின்றி அறிவது மிக முக்கியம், ஏனெனில் வளரும் பருவத்தில்தான் டெலோமியர் வேகமாகக் குறுகுகிறது. ஒரு கூட்டில் 7ஆம் நாளும் இன்னொன்றில் 12ஆம் நாளும் இரத்தம் எடுத்தால் வயது வேறுபாடு மரபு வேறுபாடு போலத் தோன்றும். எல்லாக் குஞ்சுகளிலும் 10ஆம் நாளில் எடுப்பது என்று முடிவு செய்து அதில் நில்லுங்கள். 12ஆம் நாளுக்குப் பின் முட்டியைத் திறந்தால் குஞ்சுகள் காலத்துக்கு முன்னரே வெளியே பாய்ந்துவிடக் கூடும்.

நான்காவதாக, பெற்றோரைப் பிடித்துக் காலில் வளையமிடல். இலக்கமிட்ட உலோக வளையம் ஒன்றும் தனித்த ஒழுங்கில் மூன்று நிற வளையங்களும் இட்டால், பிறகு கையில் பிடிக்காமலே தொலைநோக்கியால் அடையாளம் காணலாம். இரை ஊட்டும் நாள்களில் முற்றத்தில் அமைதியாக ஒரு மணிநேரம் அமர்ந்து எந்த வளையமுள்ள ஆணும் பெண்ணும் எந்த முட்டிக்கு வருகின்றன என்று எழுதுங்கள். பெற்றோரின் வயது தெரியாவிட்டால் “முதன்முதலில் வளர்ந்த பறவையாகப் பிடித்த ஆண்டு” என்று மட்டும் எழுதுங்கள். ஊகித்து எண் போட வேண்டாம்.

இரத்தம் எடுப்பதை நூலில் படித்துச் செய்யக் கூடாது. பயிற்சி பெற்ற கால்நடை வைத்தியர் அல்லது அனுபவமுள்ள பறவை ஆய்வாளர் அருகிருந்து பழக்க வேண்டும். செயல்முறை இதுதான். காலை வெயில் ஏறுமுன், குஞ்சுகளைத் துணிப்பையில் இட்டு நிழலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக நிறுத்து, மல்லாத்தி இடது உள்ளங்கையில் வைத்துச் சிறகை மெல்ல விரிப்பார்கள். சிறகின் அடிப்பக்கத்தில், முழங்கை மூட்டின் அருகே, தோலுக்குக் கீழ் நீலக்கோடாக நாளம் தெரியும். எத்தனோல் தோய்த்த பஞ்சால் அங்குள்ள மயிரை ஒதுக்கி, மெல்லிய ஊசி நுனியால் ஒரு குத்து. மேலே வரும் துளியை மயிர்த்துளைக் குழாய் தானே இழுத்துக்கொள்ளும். பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்றதை உறுதிசெய்த பின்னரே குஞ்சைத் திரும்ப வைக்க வேண்டும். உடல் நிறையின் 1 விழுக்காட்டுக்கு மேல் ஒருபோதும் எடுக்கக் கூடாது. 10 நாள் குஞ்சு 20 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். அதற்கு 30 மைக்ரோலீற்றர் தாராளம். பறவையின் செங்குழியத்தில் கரு உண்டு, பாலூட்டியின் செங்குழியத்தில் இல்லை. எனவே பறவையின் ஒரு துளியிலேயே தேவைக்கு மேல் டிஎன்ஏ கிடைக்கும். மெலிந்த குஞ்சை விட்டுவிடுங்கள்; விட்டதை எழுதுங்கள்.

துளியை 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனோல் உள்ள சிறு குப்பியில் இட்டுக் குலுக்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே உறைகுளிரில் சேருங்கள். வன்னி வெயிலில் மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டிக்குள் ஒரு பகல் கிடந்த குப்பியை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. மின்தடை அடிக்கடி வரும் ஊரில், உறைந்து உருகி உறைந்த மாதிரியைவிட எத்தனோலில் நிலையான குளிரில் இருந்த மாதிரியே மேல். பெற்றோர், குஞ்சு, எல்லா ஆண்டு, எல்லா மாதிரிக்கும் ஒரே முறையைக் கைக்கொள்ளுங்கள். பெற்றோரை ஒரு முறையிலும் குஞ்சை இன்னொரு முறையிலும் சேமித்தால் ஒப்பீடே கெடும்.

அடுத்து வருவது தந்தைமைச் சோதனை. செலவைக் குறைக்க நினைக்கும் பலர் இந்த இடத்தில்தான் கைவைப்பார்கள், வைக்க வேண்டாம். சிறுகாக்கைகளில் இணை பிரியாமை டிஎன்ஏ அளவிலும் உறுதியாகியிருப்பதால் இரை ஊட்டும் ஆணையே தந்தை எனக் கொள்ளலாம். சிட்டுக்குருவி அப்படியல்ல, பல ஐரோப்பியக் கூட்டங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரையான குஞ்சுகளுக்குத் தந்தை வேறோர் ஆண். வளர்த்த ஆணைத் தந்தையாகக் கொண்டால் தந்தை வழி ஒற்றுமை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். “தாய் வழியே வலுவானது” என்ற தவறான முடிவு தானாக வந்து நிற்கும். டிஎன்ஏயில் மீளவரும் குறுந்துண்டுகளின் நீள வேறுபாட்டைக் கொண்டு உண்மைத் தந்தையைக் கண்டறியுங்கள். அப்போது ஒரு நன்மையும் கிடைக்கும்: வேற்றுத் தந்தையின் குஞ்சு, கூட்டுடன்பிறப்புகளோடு தாயையும் கூட்டையும் பகிர்ந்து, தந்தை மரபில் மட்டும் வேறுபடுகிறது. நாம் கை வைக்காமலே இயற்கை செய்து தந்த பரிசோதனை அது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அதே டிஎன்ஏயில் பாருங்கள். பறவையில் பெண்ணுக்கே இரு வேறு பால் நிறமூர்த்தங்கள்.

அனுமதி பெற்றிருந்தால் கூடு மாற்றமும் செய்யலாம். ஒரே நாளில் பொரிக்க இருக்கும் இரு முட்டிகளில் முட்டைகளை, அல்லது பொரித்த மறுநாள் குஞ்சுகளில் பாதியை, எண்ணிக்கை மாறாமல் இடம் மாற்றுவதே முறை. எண்ணிக்கை மாறக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: சிறுகாக்கைக் கூடுகளில் குஞ்சுகளைக் கூட்டி வைத்தபோது அவற்றின் டெலோமியர் வேகமாகக் குறுகியதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலாம் ஆண்டில் கூடு மாற்றத்தை விட்டுவிட்டு, பார்ப்பதையும் பதிவதையும் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆய்வுகூடத்தில் இரு வழிகள் உண்டு. ஒன்று, டிஎன்ஏயை வெட்டி ஜெல்லில் ஓடவிட்டு முனைத்துண்டுகளின் நீளத்தை நேரடியாக அளப்பது. கூடுதல் டிஎன்ஏயும் கைத்திறனும் வேண்டும், ஆனால் அளவு நம்பத் தகுந்தது. மற்றது, டிஎன்ஏயைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும், ரிச்சர்ட் கோதன் 2002இல் விவரித்த பிசிஆர் முறை: டெலோமியர் எவ்வளவு உள்ளது என்பதை ஒரே பிரதியாக உள்ள ஒரு பரம்பரை அலகுடன் ஒப்பிட்டு விகிதமாகத் தருவது. மலிவும் வேகமும் அதற்கு உண்டு. பிழையும் அதில்தான் எளிதில் நுழைகிறது. பிசிஆர் சுற்று ஒன்றில் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது, எனவே 0.1 சுற்றளவு பிழை நேர்ந்தாலே விகிதத்தில் 7 விழுக்காடு மாற்றம் வந்துவிடும். மேலும் பறவைகளில் நிறமூர்த்தத்தின் நடுப்பகுதியிலும் இதே வரிசை கிடக்கிறது. பிசிஆர் அதையும் சேர்த்தே எண்ணும். அது வயதோடு குறுகாமல் தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே செல்வதால் முடிவைத் திரித்துவிடும்.

இங்கே தவறாமல் செய்ய வேண்டியவை இரண்டு. ஒரு குடும்பத்தை ஒரே தட்டில் வைக்காதீர்கள். தட்டுக்குத் தட்டு அளவு சற்று உயரும், தாழும். தாயும் குஞ்சுகளும் ஒரே தட்டில் இருந்தால் தட்டின் உயர்வு குடும்பத்தின் உயர்வாகத் தோன்றும். குலுக்கல் முறையில் மாதிரிகளைப் பரப்பி, ஒவ்வொரு தட்டிலும் ஒரே நியம மாதிரியை வையுங்கள். இரண்டாவதாக, குறைந்தது பத்தில் ஒரு பங்கு மாதிரிகளை வேறு நாளில், வேறு தட்டில் மீண்டும் அளந்து, இரு அளவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணியுங்கள். ஒரே மாதிரியே தன்னோடு ஒத்துப்போகாத இடத்தில் தாயோடு ஒத்துப்போகும் அளவைப் பேசுவதில் பொருளில்லை.

இனிக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டாக, டெலோமியர் விகிதம் கூட்டத்தின் சராசரியைவிட 0.20 கூடிய தாய்களின் குஞ்சுகள் சராசரியைவிட 0.05 கூடி இருந்தால், சாய்வு, அதாவது தாயின் கூடுதலில் குஞ்சில் தெரியும் பங்கு, 0.25. தாய் தன் மரபில் பாதியையே தருவதால் அதை இரட்டித்து 0.5 என்பார்கள். அதே கூட்டத்தில் தந்தைச் சாய்வு 0.05 மட்டும் என்றால் மரபுப் பங்கு 0.1 என்றாகிறது. இரண்டும் ஒரே பண்பின் ஒரே எண்ணாக இருக்க முடியாது; எனவே தாய்ச் சாய்வின் பெரும்பகுதி முட்டை, கூடு, ஊட்டம் ஆகியவற்றிலிருந்து வந்தது என்று ஐயுற வேண்டும். அடுத்து, குடும்ப எண்ணிக்கை. பெற்றோர் இருவரின் சராசரியைக் கொண்டு கணித்தால் 50 குடும்பங்களுக்கு நியம வழு, அதாவது மதிப்பீடு தற்செயலால் விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய 0.2, 200 குடும்பங்களுக்கு 0.1. உண்மையான பங்கு நோர்வேக் குருவிகளில் போல 0.04 ஆக இருந்தால் 50 குடும்பங்களில் அது கண்ணில் படாது. அப்போது “மரபுத் தாக்கம் இல்லை” என்று எழுதாமல், “இந்த அளவு மாதிரியில் 0.4க்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு” என்று எழுதுவதே நேர்மை.

உறவுகள் பெருகிய பின் பெற்றோர், குஞ்சு என்ற இரட்டையை விட்டு, தாத்தா, பாட்டி, பாதி உடன்பிறப்பு என முழு வம்சாவளியையும் ஒரே கணிப்பில் இடும் மாதிரியுருவுக்குச் செல்லலாம். ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் இதற்கான தொகுதிகள் உண்டு. மொத்த மாறற்றிறனை (வேறுபாட்டின் அளவை) மரபு, தாய், கூடு, ஆண்டு, தட்டு, எஞ்சியது எனப் பிரித்துத் தரும். வயதையும் பாலையும் பெற்றோரின் வயதையும் நிலையான காரணிகளாகச் சேர்க்க வேண்டும். தந்தை வயதை ஆராயும்போது வெவ்வேறு தந்தைகளை ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், ஒரே தந்தையின் முதலாம், இரண்டாம் ஆண்டுக் குஞ்சுகளை ஒப்பிடுங்கள். முதுமை வரை தப்பிப் பிழைத்த ஆண்கள் தொடக்கத்திலேயே நீண்ட டெலோமியர் உள்ளவையாக இருந்திருக்கலாம்.

தாயின் மரபையும் தாயின் கூட்டையும் பிரிக்க மிகவும் உதவுவது, வளையமிட்ட குஞ்சு வளர்ந்து தானே பெற்றோராகி வேறொரு முட்டியில் முட்டையிடுவதாகும். பேரக்குஞ்சு பாட்டியின் மரபைப் பெறுகிறது, பாட்டியின் கூட்டில் வளரவில்லை. எனவே இரண்டாம் ஆண்டில் புதிய ஊரொன்றில் முட்டி கட்டப் போகுமுன், முதலாம் ஆண்டு முட்டிகளைச் சுற்றி இரண்டு கிலோமீற்றருக்குள் உள்ள ஒவ்வொரு தாழ்வாரத்தையும் ஓட்டு இடுக்கையும் நெல் ஆலைக் கூரையையும் தொலைநோக்கியுடன் பார்த்து, எந்தக் காலில் எந்த நிறம் தெரிகிறது என்று அன்றன்றே கொப்பியில் ஏற்றி, அதன் படியொன்றை மேற்பார்வையாளரிடம் கொடுத்து வையுங்கள்.